பாட்டி சொன்ன உப்பு ரகசியம்! சிதம்பரம் வீட்டில் சுழன்றது புதினா ஐஸ்கிரீம் வாளி

சிதம்பரம்:

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான்கு தேரோடும் வீதிகளிலும் மதியம் ஈ, காக்காய் இல்லை. சைக்கிள் பெட்டியின் மூடியைத் 'டப் டப்' என்று தட்டிக்கொண்டு "பால் ஐஸ், சேமியா ஐஸ்!" என்று கூவிப் போகிறவரின் குரல் மட்டும்தான் கேட்கிறது.

அந்த நேரத்தில் மேலவீதிப் பக்கம் ஒரு வீட்டுக்குள் பெரிய வாக்குவாதம்!

மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மாலையில் உடற்பயிற்சிக் கூடம். அங்கே யாரோ சொன்னார்களாம், புரோட்டீன் டப்பா இல்லாமல் உடம்பு ஏறாது என்று.

"அம்மா, ஒரே ஒரு டப்பா. மூணு மாசத்துக்கு வரும்."

"ஆயிரக்கணக்குல காசு கொட்டி மாவு வாங்கித் திங்கணுமாடா? ரேஷன் கடைப் பருப்புல இல்லாத புரோட்டீனா?"

இந்தச் சண்டை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டின் மூத்தவர் கூடத்து நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். காய்ச்சல் வந்து போய் மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் போனது. பசி திரும்பவில்லை.

"அத்தை, ரெண்டு இட்லி?"

"வேணாம்மா."

"கொத்சு வச்சிருக்கேன்."

"வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. ஜில்லுனு எதாச்சும் இருந்தா குடு."

ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. டாக்டர் சொல்லிவிட்டார்: "பாட்டிக்குப் புரதம் போதல. எதுல கொடுத்தாலும் சரி, உள்ள போகணும்."

பேரனுக்கும் புரதம். பாட்டிக்கும் புரதம். ஒருவருக்கு டப்பா மேல் ஆசை. இன்னொருவருக்கு ஜில்லென்று ஏதாவது வேண்டும். மருமகளுக்கு அப்போதுதான் அந்த யோசனை!

எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் ஒரு கணக்குச் சொல்லி இருக்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், ஒரு நாளைக்கு. 60 கிலோ எடை உள்ள பையனுக்கு 50 கிராம் போதும். 50 கிலோ பாட்டிக்கு 42 கிராம். வயதானவர்களுக்கு கிலோவுக்கு 1 கிராம் வரை, அதற்குச் சற்று மேலும் இருந்தால் நல்லது என்று முதியோர் மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள்.

2024-ல் அதே நிறுவனம் உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டீன் மாவைத் தேடிப் போக வேண்டாம் என்று அதில் பளிச்சென்று சொல்லப்பட்டு இருக்கிறது.

"கேட்டுக்கோடா!" என்றார் அம்மா.

பையன் விடுவானா? "அப்ப கடையில நாலு கப் ஐஸ்கிரீம் வாங்கி ஆயாவுக்குக் குடுத்துடலாமே? அதுவும் பால்தானே?"

கப்பில் பாதி காற்று!

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். பால் புரதம் 3.5 சதவீதம். ஆனால் ஐஸ்கிரீமை விற்பது எடை போட்டு அல்ல, மில்லி லிட்டரில்! ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் எடை இருந்தால் போதும் என்கிறது சட்டம்.

மீதி? காற்று!

இது மோசடி அல்ல. காற்றை அடித்துச் சேர்த்தால்தான் ஐஸ்கிரீம் மெத்தென்று இருக்கும். காற்றே இல்லாவிட்டால் பனிக்கட்டிதான். ஆனால் கணக்கு என்று வரும்போது யோசிக்க வேண்டும். 100 மில்லி கப் ஒன்று 52 கிராம் எடைதான் இருக்கிறது என்றால், அதில் 3.5 சதவீதம் எவ்வளவு? இரண்டு கிராம் கூட இல்லை! ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மூன்று கப் தின்றாலும் ஒரு முட்டைக்குச் சமம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. கப்பைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 'ஐஸ்கிரீம்' என்றே இருக்காது. 'புரோஸன் டெசர்ட்' என்று இருக்கும். அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்க்கலாம். அதைக் கப்பின் மேல் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். எழுதித்தான் இருக்கிறார்கள். படிக்கிறவர்கள்தான் குறைவு.

"அப்ப நாமே செஞ்சுடுவோம்மா" என்றான் பையன். டப்பா மறந்துபோயிற்று!

முதல் நாள் தோல்வி

முதல் முயற்சியில் வீடே அமர்க்களம்.

புரதம் நிறைய வேண்டும் என்று பையன் 200 கிராம் பால் பவுடரை அள்ளிக் கொட்டினான். புதினாவைப் பாலோடு சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க விட்டான். பச்சை நிறம் போய், குளத்துப் பாசி மாதிரி ஆனது. அடுப்பில் இருந்து இறக்கிய கையோடு தயிரை ஊற்றினான். பால் திரிந்து திப்பி திப்பியாகப் பிரிந்தது. அதையும் விடாமல் மிக்சியில் அடித்து பிரிஜ்ஜில் வைத்தான்.

சாயந்திரம் கரண்ட் போனது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. இளகியது மறுபடி உறைந்தது.

மறுநாள் காலையில் வெட்டப் போனால் ஸ்பூன் வளைந்துவிட்டது! எப்படியோ பெயர்த்து வாயில் போட்டால் மணல் மாதிரி நறநற.

"செங்கல் சூளையில வச்சியாடா?" என்றார் பாட்டி. மூன்று வாரத்தில் பாட்டி அடித்த முதல் கிண்டல் அதுதான்.

ஏன் கல்லானது?

ஐஸ்கிரீமை மிருதுவாக வைத்திருப்பவை நான்கு: கொழுப்பு, சர்க்கரை, காற்று, விடாத கிளறல். புரதத்தைக் கூட்டுகிறேன் என்று கொழுப்பையும் சர்க்கரையையும் குறைத்தால் தண்ணீர் முழுக்க உறைந்து கல்லாகிவிடும். கிளறாமல் அப்படியே உறைய விட்டால் பனித் துகள்கள் பெரிது பெரிதாக வளரும்.

நறநறப்புக்கு வேறு காரணம். பால் பவுடரில் புரதம் 35 சதவீதம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பாதிக்குப் பாதி பால் சர்க்கரை. அது தண்ணீரில் லேசில் கரையாது. அளவு மிஞ்சினால் குளிரில் படிகமாகப் பிரிந்து மணல் போல் நாக்கில் தட்டும்.

புதினா கறுத்ததற்கும் காரணம் உண்டு. அதிக நேரம் வெந்தால் பச்சையம் நிறம் மாறிவிடும். புளிப்பு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் மாறும்.

அன்று செய்ததைக் கொட்டியதுதான் நல்லது. ஒருமுறை நன்றாக இளகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வைத்துச் சாப்பிடக் கூடாது. இளகிய நேரத்தில் கிருமிகள் பெருகும். குளிர் அவற்றை முடக்குமே தவிர, கொல்லாது. அதுவும் காய்ச்சலில் எழுந்த பாட்டிக்கா கொடுப்பது?

"உப்பு கொண்டா!"

"கரண்ட்டை நம்பி ஐஸ்கிரீம் செய்ய முடியாதும்மா" என்று மருமகள் சலித்துக்கொண்டார்.

பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க காலத்துல கரண்ட்டா இருந்துச்சு? பெரிய வீட்டுக் கல்யாணத்துல மர வாளி வச்சுச் சுத்துவாங்க. ஐஸை ஒடச்சுப் போட்டு, கல்லுப்பைக் கொட்டி..."

"ஐயோ அத்தை, ஐஸ்கிரீம் கரிக்காதா?"

"பால்ல இல்லடி பொண்ணு, வாளியில!"

பாட்டி சொன்னதில் ஒரு பெரிய விஞ்ஞானம் இருக்கிறது.

வெறும் ஐஸ் கட்டியின் குளிர் பூஜ்யம் டிகிரி. சர்க்கரை போட்ட பால் அதில் உறையாது. ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு அதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை நடுவில் இருக்கும் பால் பாத்திரத்தில் இருந்து உறிஞ்சிக்கொள்ளும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று போட்டால், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை இறங்கக் கூடும்! வீட்டு பிரிஜ்ஜின் உறைபெட்டி கூடச் சாதாரணமாக 18 டிகிரிதான்.

ராத்திரியில் மணி அடித்துக்கொண்டு வரும் குல்பி வண்டியில் இருப்பதும் இதே வித்தைதான். பானைக்குள் ஐஸும் உப்பும். அதற்குள் செருகிய அச்சுகளில் பால்.

கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்கு அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-ல் காப்புரிமை வாங்கினார். அதே காலத்தில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்து இறங்கியது. அதைச் சேமிக்க 1842-ல் மெரினா கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

அன்று கப்பலில் வந்த பொருள் இன்று நம் வீட்டு பிரிஜ்ஜில். உப்புக்கோ கேட்கவே வேண்டாம். கிலோ கல்லுப்பு எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும்.

ஐஸ் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை! கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் மீனுக்குப் போடும் ஐஸ் சாப்பிடுவதற்கான ஐஸ் அல்ல. சாப்பிடக் கூடாத ஐஸுக்கு அடையாளமாக நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. வாளியில் வெளிப்பக்கம் போடுகிற ஐஸ்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஒரு சொட்டு உள்ளே தெறித்தாலும் போச்சு. பிரிஜ்ஜிலேயே இரண்டு நாள் தட்டுத் தட்டாக ஐஸ் சேர்த்து வைத்துக்கொள்வது மேல்.

செய்முறை இதோ!

இரண்டாம் முறை மேற்பார்வை பாட்டி. இல்லத்தரசிகள் குறித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் ராத்திரி: அரை லிட்டர் பாலில் தயிர் தோய்த்து, அதை மெல்லிய வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தோடு பிரிஜ்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். காலையில் தண்ணீர் இறங்கிக் கெட்டித் தயிர் நிற்கும். இறங்கிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம். டப்பாவில் 'வே புரோட்டீன்' என்று விற்கிறார்களே, அதுவும் பாலைத் திரிக்கும்போது பிரியும் தண்ணீரில் இருந்து எடுப்பதுதான்!

காலையில்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டர். அதாவது 6 சதவீதம் கொழுப்பு உள்ள நிறை கொழுப்புப் பால். அதில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 60 கிராம் மட்டும் கட்டி இல்லாமல் கரைத்து, 100 கிராம் சர்க்கரை போட்டு, அடி பிடிக்காமல் கொதிக்க வைத்துச் சற்றுச் சுண்ட விட வேண்டும்.

புதினா ஒரு கட்டு. காம்பு நீக்கி, மண் போகக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு இருபது எண்ணுவதற்குள் எடுத்து, ஐஸ் தண்ணீரில் முக்கி விட வேண்டும். பச்சை அப்படியே நிற்கும். பாதி இலையை இறக்கி வைத்த சூடான பாலில் இருபது நிமிடம் ஊறப் போட்டு வடிகட்ட வேண்டும். மீதியை அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பால் நன்றாக ஆறி, பிரிஜ்ஜில் ஜில்லென்று ஆன பிறகுதான் கெட்டித் தயிரும் அரைத்த புதினாவும் சேர வேண்டும். சூட்டில் சேர்த்தால் திரியும். பச்சை முட்டை எதுவும் வேண்டாம்.

பிறகு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் முக்கால் அளவு ஊற்றி, தூக்கை ஒரு வாளியின் நடுவில் வைத்துச் சுற்றிலும் உடைத்த ஐஸ் 3 கிலோ, கல்லுப்பு 1 கிலோ மாறி மாறிப் போட வேண்டும். தூக்கின் பிடியைப் பிடித்து வலமும் இடமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியை நன்றாகத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ள வேண்டும். அரை மணி, முக்கால் மணியில் கெட்டிப்படும்.

உப்பு போட்ட ஐஸை வெறுங்கையால் அள்ளக் கூடாது. தோல் வெந்தது போல் புண்ணாகிவிடும். துணி சுற்றிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளை வாளிப் பக்கம் விடக் கூடாது.

கடைசியாக, வறுத்துத் தோல் நீக்கிய மணிலாக் கொட்டை 40 கிராமைப் பொடித்துத் தூவ வேண்டும். மணிலாவுக்குப் பேர் போன விருத்தாசலம் பக்கத்திலேயே இருக்கும்போது பாதாமைத் தேடுவானேன்? கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

கணக்கு என்ன?

பாலில் 16 கிராம் புரதம். பவுடரில் 21. கெட்டித் தயிரில் சுமார் 14. கடலையில் 10. மொத்தம் 61 கிராம். எட்டு கப்பாகப் பங்கு போட்டால் கப்புக்கு ஏழு கிராமுக்கு மேல்! ஒரு முட்டையை விடக் கொஞ்சம் கூடுதல். அந்த 100 மில்லி கப்போடு ஒப்பிட்டால் நாலு பங்கு.

சர்க்கரையையும் மறைக்க வேண்டாம். கப்புக்கு 12 கிராம், அதாவது இரண்டரை ஸ்பூன் சேர்கிறது. சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இது மருந்தும் அல்ல, சாப்பாட்டுக்கு மாற்றும் அல்ல. பருப்பு, முட்டை, பரங்கிப்பேட்டை மீன் எல்லாம் தட்டில் இருக்க வேண்டும். தட்டைத் தள்ளி வைக்கிற வாய்க்கு இது ஒரு வழி, அவ்வளவுதான்.

புதினா ஏன் ஜில்?

பெப்பர்மின்ட் செடியில் மென்தால் என்ற பொருள் இருக்கிறது. நம் நரம்பில் குளிரை உணரும் வாசல் ஒன்று உண்டு. குளிர் பட்டால் அது திறக்கும். மென்தால் பட்டாலும் திறக்கும்! குளிரே இல்லாமல் மூளைக்கு 'ஜில்' என்று தந்தி போகும். இந்த வாசலை 2002-ல் கண்டுபிடித்தவர்களில் இருவர் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும். சூட்டையும் தொடுதலையும் உடம்பு உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊர்ச் சந்தைப் புதினாவில் மென்தால் குறைவு. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற வேறு பொருள். அதனால்தான் பற்பசை மாதிரி சுரீர் என்று ஏறாமல், துவையல் வாசனையோடு சாந்தமாக இருக்கிறது. கடையில் விற்கும் பெப்பர்மின்ட் எசென்ஸைக் கொட்டினால் பற்பசை தின்ற கதையாகிவிடும்.

காலி கிண்ணம்

சாயந்திரம் ஐந்து மணி. வாளியைச் சுற்றிச் சுற்றிப் பையனுக்குத் தோள் கழன்றுவிட்டது.

"இன்னிக்கு ஜிம்முக்குப் போகலியாடா?" என்றார் அம்மா.

"இதுக்கு மேல என்னம்மா ஜிம்மு!"

முதல் கிண்ணம் பாட்டிக்கு. இளம் பச்சை. மேலே கடலைப் பொடி. ஒரு ஸ்பூன் எடுத்தார். நாக்கில் வைத்தார். பேசவில்லை. இரண்டாவது ஸ்பூன். மூன்றாவது.

மருமகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிண்ணம் காலி!

"எப்படி இருக்கு ஆயா?"

"தித்திப்பு ஒரு மாத்துக் கூட. நாளைக்குக் கொறச்சுப் போடு" என்றார் பாட்டி.

நாளைக்கு!

மருமகள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அடுத்த அரை லிட்டர் பாலுக்கு உறை ஊற்ற வேண்டுமே!